சாமையில் கலந்த விதை

ஒருவருக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது என்று காதில் விழுந்ததும் நம் ஊரில் அடுத்து வரும் கேள்வி, ‘குடிப்பாரா?’ என்பதுதான். கேட்பதில் தவறில்லை. 2003இல் அரசே மதுக்கடைகளை எடுத்து நடத்தத் தொடங்கிய மாநிலத்தில் அந்தக் கேள்விக்கு நியாயம் உண்டு. ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணமும் உண்டு: பதில் கிடைத்ததும் விசாரணை முடிந்துவிடுகிறது. குடிப்பவர் என்றால் தன் வினை, குடிக்காதவர் என்றால் தலையெழுத்து. மலைப்பக்கம் போனால் இதே அவசரம் வேறு வேடத்தில் வருகிறது. மஞ்சள் காமாலையா, கொல்லிமலையில் பச்சிலை இருக்கிறது என்பார்கள். நோய்க்கு என்ன காரணம் என்பதைக் கீழே இருப்பவர்களும் கேட்பதில்லை, மேலே பச்சிலை தேடிப் போகிறவர்களும் கேட்பதில்லை. கொல்லிமலை போன்ற இடங்களில் கல்லீரல் நோயின் வரலாற்றைத் தேட வேண்டிய முக்கியமான இடம் இதில் விட்டுப்போகிறது. அது தானியம். விதைக்கிற காட்டிலும், அடிக்கிற களத்திலும், புடைக்கிற முறத்திலும் அந்த வரலாறு கிடக்கிறது. மலைமக்களின் கல்லீரலைக் காத்ததில் மூலிகையைவிட முறத்துக்கும், பிற்பாடு ரேஷன் கடைக்கும் பங்கு அதிகம் என்பது என் கட்சி. கேட்டவுடன் ஏற்கக்கூடியதாக இது இருக்காது என்பதால் சான்றுகளோடு சொல்கிறேன்.

முதலில் மலை. நாமக்கல் மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிறது கொல்லிமலை. அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். வளப்பூர்நாடு, தின்னனூர்நாடு, சேளூர்நாடு, குண்டூர்நாடு என்று நாடு நாடாகப் பிரிந்த ஊர்கள். வல்வில் ஓரியையும் கொல்லிப்பாவையையும் பற்றி எழுத ஆட்கள் நிறைய உண்டு, அவர்களை இங்கே விட்டுவிடுவோம். சேலம் மாவட்டத்தை ஆண்ட ஆங்கிலேய அதிகாரிகளுக்கு இந்த மலை என்றால் காய்ச்சல்தான் நினைவுக்கு வந்தது. ஏற்காட்டைப் போல இங்கே பங்களாக்கள் முளைக்காததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். மலைக்காரர்களுக்கோ மலை என்றால் சாமை. பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் இடத்தில் நெல், மேட்டுக்காட்டில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. சாமையில் மட்டுமே பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியசாமை, திரிகுலசாமை என்று வகைகள். சரிவில் மண் மெலிந்திருந்தாலும், மழை முன்பின் ஆனாலும், ஒரு பிடி விளைச்சலையாவது கொடுத்துவிடும் பயிர் அது. ஏழைக்குக் கைகொடுக்கும் அந்தக் குணத்தில்தான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. மழை பொய்த்த வருஷத்திலும் சாமை வரும், ஆனால் அந்த வருஷத்தில் களை அதைவிட நன்றாக வரும்.

இது வெறும் ஊகமில்லை என்பதைக் காட்டும் ஊர் சர்குஜா. அன்று மத்தியப் பிரதேசத்தில் இருந்த, இன்று சத்தீஸ்கரில் உள்ள மலைமாவட்டம். 1972இல் நாடு கண்ட பெரும் வறட்சியை அடுத்து வந்த ஆண்டுகளில், அங்கே பழங்குடி ஊர்களில் வயிறு பானைபோல வீங்கும் நோய் கூட்டங்கூட்டமாகக் கண்டது. டெல்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் பி.என். டாண்டன் குழுவினர் 1976இல் ‘லான்செட்’ இதழில் அதைப் பதிவு செய்தார்கள்: 67 நோயாளிகள், அவர்களில் 28 பேர் மரணம். கல்லீரலிலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்துச் செல்லும் நுண்ணிய சிரைகள் உள்ளேயே தூர்ந்துபோயிருந்தன. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரியும் உடன் பணியாற்றியவர்களும் அந்த ஊர்களின் அடுப்படி வரை போய் ஆராய்ந்து 1977இல் எழுதினார்கள். நோயாளிகளின் வீட்டு உணவு கோந்த்லி என்று அங்கே வழங்கும் தானியம். அதில் கிலுகிலுப்பைச் செடியின் இனத்தைச் சேர்ந்த ஒரு குட்டைக் களையின் விதை கலந்திருந்தது. கோந்த்லி வேறொன்றுமில்லை, நம் சாமைதான். கொல்லிமலையின் மேட்டுக்காட்டில் விளையும் அதே தானியம், தமிழ்நாடெங்கும் புறம்போக்கிலும் வரப்பிலும் காய்ந்த காய்களைக் குலுக்கிக் குழந்தைகள் விளையாடும் அதே செடியின் உறவு. இந்த இரண்டும் ஒரே சட்டியில் வெந்ததுதான் நோயின் காரணம்.

கிலுகிலுப்பை விதையில் இருப்பவை பிரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற வகையைச் சேர்ந்த பொருள்கள். உண்டவுடன் அவை ஒன்றும் செய்வதில்லை. வாயில் எரிச்சல் இல்லை, வாந்தி இல்லை, மயக்கம் இல்லை. குடலிலிருந்து கல்லீரலுக்குப் போன பிறகு, நஞ்சை முறிப்பதற்காகக் கல்லீரல் வைத்திருக்கும் நொதிகளே அவற்றை மாற்றி உண்மையான நஞ்சாக ஆக்கிவிடுகின்றன. காவல்காரன் கையாலேயே வீட்டுக்குள் திருடன் நுழைவது மாதிரிதான். அந்தப் புதிய நஞ்சு பிறந்த இடத்திலேயே நுண்சிரைகளின் உள்தோலைத் தாக்குகிறது. உள்தோல் வீங்கி, உதிர்ந்து, தழும்பாகி, வழி அடைபடுகிறது. இரத்தம் வெளியேற முடியாமல் கல்லீரல் பெருக்கிறது, வலது விலா ஓரத்தில் வலி பிடிக்கிறது, வயிற்றில் நீர் கோக்கிறது. சித்த வைத்தியம் மகோதரம் என்று சொல்லும் தோற்றம் இது. இந்த நோயோடு வாழ்வது எப்படி என்பதை மலையில் வைத்து யோசித்துப் பார்க்க வேண்டும். சரிவில் ஏறிப் போனால்தான் காடு, சரிவில் இறங்கினால்தான் தண்ணீர். கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் நிறைமாதம்போல முன்னே தள்ள, பத்தடிக்கு ஒருமுறை உட்கார வேண்டியிருக்கிற ஆளுக்கு அங்கே வேலை கிடையாது. ஊசியிட்டு நீரை எடுத்தால் சில நாள் மூச்சு விடலாம், உப்பைக் குறைத்தால் நீர் மெதுவாகச் சேரும். நஞ்சு கலந்த உணவை உடனே நிறுத்தியவர்களில் சிலர் தேறிவிடுவார்கள். தேறாதவர்களுக்குக் கல்லீரல் சுருங்கி இறுகிவிடும். ஆக, தேறுவதற்கான முதல் மருந்து காரணத்தைத் தெரிந்துகொள்வதுதான். தெரியாவிட்டால், நோயாளிக்குத் தெம்பு வரட்டும் என்று அதே சாமைக் கஞ்சியைத்தான் வீட்டார் இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள்.

சர்குஜா தனித்த விபத்து என்றும் சொல்வதற்கில்லை. டாண்டன் கட்டுரை வந்த அதே ‘லான்செட்’ இதழில், அதற்கு முன்னால் உள்ள கட்டுரை ஆப்கானிஸ்தானத்தின் வடமேற்கு மூலையைப் பற்றியது. இரண்டு வருஷ வறட்சிக்குப் பிறகு குல்ரான் பகுதியில் இதே நோய் வந்தது. 7,200 பேரைச் சோதித்ததில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கல்லீரல் பாதிக்கப்பட்டிருந்தது. அங்கே தானியம் கோதுமை, களை தேள்கொடுக்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடி. அதற்கும் முன்னால், 1920இல், தென்னாப்பிரிக்காவின் ஜார்ஜ் பகுதியில் ஏழை வெள்ளையரும் கலப்பினத்தவரும் தின்ற ரொட்டியில் வேறொரு களையின் விதை மாவோடு மாவாக அரைபட்டு வந்ததை வில்மட், ராபர்ட்சன் என்ற இரு மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். 1992இல் தஜிகிஸ்தானில் உள்நாட்டுப் போரால் கோதுமை அறுவடை தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் களை முற்றி விதை வைத்தது. கிட்டத்தட்ட 4,000 பேர் நோயில் விழுந்தார்கள். தானியம் மாறுகிறது, களை மாறுகிறது, மொழியும் மதமும் மாறுகின்றன. மாறாமல் நிற்பது ஒன்று: வறட்சியோ போரோ வறுமையோ வந்து, களை எடுக்கவும் தானியத்தைச் சுத்தம் செய்யவும் இருந்த அவகாசத்தைப் பறித்துக்கொண்டிருக்கிறது. குடியின் பெயரே இந்தக் கதைகளில் வருவதில்லை. பாலுண்ணும் வயதைத் தாண்டிய எல்லோரும், ஆணும் பெண்ணும் குழந்தையும், ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள் என்பதால் விழுந்தார்கள்.

இனிக் கொல்லிமலையின் சாமை அடுப்புக்கு வந்து சேரும் வழியைப் பார்ப்போம். சாமையைக் கையால் வீசித்தான் விதைப்பார்கள். வரிசை கிடையாது, ஆகவே இடையில் புகுந்து களை கொத்துவது சிரமம். நின்ற களை பயிரோடு முற்றி, பயிரோடு அறுபட்டு, பயிரோடு களத்துக்கு வந்துவிடும். அதை அங்கிருந்து துரத்துவதற்குப் பெண்களின் கையில் பல தடுப்புகள் இருந்தன. முதலாவது, விதைக்கு வேண்டியதை அறுவடைக்கு முன்பே காட்டில் நின்று, நல்ல கதிராகப் பார்த்துக் கொய்து தனியே வைப்பது. இந்த ஒரு வேலையால், இந்த வருஷத்துக் களை விதை அடுத்த வருஷத்து விதைப்புக்குள் புகுவது குறைந்தது. சாம்பலும் நொச்சியிலையும் போட்டுத் தொம்பையில் வைத்த விதை, உண்ணும் தானியத்தோடு சேரவே சேராது. அடுத்து களத்தில் தூற்றுவது. காற்று பதரைக் கொண்டுபோகும், கனமான விதையைக் கொண்டுபோகாது. பிறகு முறம். புடைக்கும்போது உமியும் தூசியும் முன்விளிம்பைத் தாண்டிப் பறக்கும். கொழிக்கும்போது முறத்தைச் சாய்த்துப் பக்கவாட்டில் அசைக்க, கல்லும் மணலும் ஒரு மூலைக்கு ஒதுங்கும். நாவும்போது மணிகள் உருண்டு, உருண்டையானது ஒரு பக்கமும் தட்டையானது ஒரு பக்கமுமாகப் பிரியும். இந்த மூன்றாவது அசைவுதான் நம் கதைக்கு முக்கியம். கிலுகிலுப்பையின் சிறு விதை சாமை மணியைவிடப் பெரிதாக இருந்தால் சல்லடையே பிடித்துவிடும், லேசாக இருந்தால் காற்றே கொண்டுபோகும். அளவிலும் எடையிலும் அது தானியத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது, காட்டிக்கொடுப்பது அதன் அவரை வடிவமும் வழவழப்பும்தான். சாமை நீள்வட்டமாக உருளும், அவரை வடிவ விதை ஒருபக்கமாகச் சறுக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பழகிய மணிக்கட்டும், அவசரமில்லாத வெளிச்சமும் வேண்டும். அதற்கும் மேலே உரலும் உலக்கையும். சாமையின் மேல்தோல் இறுக்கமானது. ஒரு குடும்பத்தின் ஒரு வேளைச் சோற்றுக்குத் திரும்பத் திரும்பக் குத்திப் புடைக்க வேண்டும். தானியம் அடுப்பேறுவதற்குள் ஒரே கண்ணின் முன்னால் பல தடவை முறத்தில் விரிந்துவிடும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். சர்குஜாவின் பெண்களிடம் மட்டும் முறம் இல்லையா? அவர்களும் தலைமுறை தலைமுறையாகச் சாமை குத்தியவர்கள்தானே? முறம் கல்லீரலைக் காக்கும் என்றால் அங்கே ஏன் காக்கவில்லை? இந்தக் கேள்விதான் என் வாதத்தை வெறும் பழமைப் புகழ்ச்சியாக ஆகவிடாமல் காப்பாற்றுகிறது. முறம் பிரிக்கிறது, பிரித்ததை எறிவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது வயிறு. விளைச்சலில் பாதி களைவிதையாக வந்த வருஷத்தில், சந்தேகப்படும்படியான மணிகளையெல்லாம் ஒதுக்கினால் மிஞ்சுவது எவ்வளவு? பசித்த வீட்டில் ஒதுக்கியதையும் திரும்ப அள்ளி உலையில் போடத்தான் தோன்றும். அதுவும் ஒதுக்குவதற்குக் காரணம் தெரியாதபோது, கல்லை ஒதுக்குவது பல்லுக்காக, களைவிதையை ஒதுக்குவது ருசிக்காக என்று மட்டுமே நினைத்திருந்தபோது, பஞ்சத்தில் ருசியை யார் பார்க்கப் போகிறார்கள்? குல்ரானிலும் தஜிகிஸ்தானிலும் நடந்தது இதுதான். அங்கே கோதுமை சலிக்கத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஆகவே முறத்தைத் தனியாகப் புகழ்வது பாதி உண்மை. முறமும், ஒதுக்கியதை எறியத் துணிவதற்கு வேண்டிய அளவு நிறைந்த வயிறும் சேர்ந்தால்தான் அது காவல்.

இந்த இடத்தில்தான் ரேஷன் கடை வருகிறது. கொல்லிமலையில் சாமைக் காடுகள் மரவள்ளிக் காடுகளாக மாறியதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரின்போது மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோக, சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் தொழில் பிறந்தது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு வந்தது. ஆலைகளின் பசிக்கு மலையும் கிழங்கு கொடுக்கத் தொடங்கியது. கிழங்கு விற்ற காசும் ரேஷன் அரிசியும் வந்த பிறகு சாமை பின்வாங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே சிறுதானியத்தைக் காக்கப் பாடுபடுவதன் பின்னணி இது. அதன் வேலை மதிப்புக்குரியது. ஆனால் சிறுதானிய ஆர்வலர்கள் பலர் இந்தக் கதையைச் சொல்லும்போது ரேஷன் அரிசியை வில்லனாக ஆக்கிவிடுகிறார்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து விலையே இல்லை என்ற நிலையில், 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மூட்டை மூட்டையாக மேலே வந்து இறங்கிய அந்த அரிசி, மழை பொய்த்த வருஷத்திலும் கலப்படச் சாமையை எறிந்துவிடலாம் என்ற துணிச்சலை வீட்டுக்குக் கொடுத்தது. சத்தில் அது சாமைக்குக் கீழே இருக்கலாம். சர்க்கரை நோயைப் பற்றிய கவலையும் நியாயமே. கல்லீரலைப் பொறுத்தவரை, சர்குஜாவில் அந்த வருஷங்களில் இல்லாமல் போனது எதுவோ, அது கொல்லிமலையில் மூட்டையாக வந்து இறங்கியது.

மலைக்காரருக்குச் செடி தெரியாதா, நஞ்சுச் செடியைக் கண்டால் ஒதுக்கமாட்டாரா என்பது அடுத்த ஆட்சேபம். கொல்லிமலை என்றாலே சித்தர் குகையும் மூலிகையும் என்று பழகிய நமக்கு இது வலுவான ஆட்சேபமாகத் தெரியும். அனுபவ அறிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எட்டியும் ஒடுவனும் ஆளைக் கொல்லும் என்பதைப் புத்தகம் படித்து யாரும் தெரிந்துகொள்ளவில்லை. ஆனால் அனுபவத்துக்கு ஓர் எல்லை உண்டு. உண்டதற்கும் விழுந்ததற்கும் நடுவே மணிக்கணக்கு இருந்தால் அனுபவம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும், மாதக்கணக்கு இருந்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். ஐப்பசியில் தின்ற சாமைக்கும் மாசியில் வீங்கிய வயிற்றுக்கும் உள்ள தொடர்பை எந்தப் பாட்டியின் நினைவும் பிடிக்காது, ஏனென்றால் நடுவில் ஆயிரம் வேறு சமாசாரம் நடந்திருக்கும். இதற்கு ஜமைக்காவைவிடக் கூர்மையான சான்று தேவையில்லை. அங்கே குழந்தைகளின் கல்லீரல் சிரைகள் அடைபடுவதை பிராஸ், ஜெலிஃப் முதலிய மருத்துவர்கள் 1954இல் விவரித்தபோது, காரணமாகத் தெரியவந்தது தாய்மார்களே சளிக்கும் காய்ச்சலுக்கும் போட்டுக் கொடுத்த பச்சிலைக் கஷாயம். அதில் சேர்த்த செடிகளில் ஒன்று கிலுகிலுப்பை இனம். மூலிகை அறிவு நிறைந்த சமூகம், அன்போடு கொடுத்த மருந்து, தலைமுறைகளின் அனுபவம் எல்லாம் இருந்தும் கண்ணில் படவில்லை.

கீழாநெல்லியின் கதையையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம்மிடம் கேள்வியில்லாத நம்பிக்கை. அதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜன். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் அவரோடு சேர்ந்துகொண்டார். 1988இல் வந்த அவர்கள் கட்டுரையில், கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறை அடையாளம் மறைந்தது, வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு தாய்லாந்திலும் மற்ற நாடுகளிலும் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நான் இங்கே கீழாநெல்லியை மட்டம் தட்ட வரவில்லை. காமாலையில் பெரும்பகுதி அசுத்தத் தண்ணீரால் வரும் வைரஸ் தொற்று. அது பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். தானாக ஆறும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் அது கைகண்ட மருந்தாகிவிடும். அந்தப் புகழோடு, தானாக ஆறாத கல்லீரல் நோயாளியும் மலையேறி வருகிறார். அவருடைய காரணம் வைரஸா, குடியா, கொழுப்பா, களைவிதையா என்று யாரும் கேட்காமல் ஒரே கஷாயம் எல்லோருக்கும் போகிறது. மூலிகையின் மேல் எனக்குள்ள புகார் அது வேலை செய்யாது என்பதைப் பற்றியதில்லை. காரணத்தைக் கேட்கும் பழக்கத்தை அது தூங்கவைக்கிறது என்பதைப் பற்றியது.

சரி, இன்றைக்குத் தமிழ்நாட்டின் கல்லீரல் வார்டுகளில் படுத்திருப்பவர்களில் பெரும்பாலோர் குடியாலும் கொழுப்பாலும் வைரஸாலும் வந்தவர்கள்தானே, 1970களின் களைவிதையைத் தோண்டி எடுப்பானேன் என்று மருத்துவர் ஒருவர் கேட்கலாம். எண்ணிக்கையில் அவர் சொல்வது சரி. ஆனால் இந்தியாவில் கல்லீரல் நோயின் காரணங்கள் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டன என்று திரும்பிப் பார்த்தால், அடுப்படியை எட்டிப் பார்த்தவர்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். 1974இல் ராஜஸ்தானின் பன்ஸ்வாராவிலும் குஜராத்தின் பஞ்சமஹாலிலும் 397 பேர் காமாலையில் விழுந்து 106 பேர் இறந்தார்கள். வைரஸ் என்றுதான் எவரும் நினைப்பார்கள். வீட்டு நாய்களுக்கும் அதே நோய் வந்து செத்தன என்ற செய்தி விசாரணையைத் திருப்பியது. மழையில் நனைந்த மக்காச்சோளத்தில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சு, அஃப்ளாடாக்சின், அதற்குக் காரணம். சர்குஜாவை ஆராய்ந்த அதே கிருஷ்ணமாச்சாரி குழுதான் இதையும் கண்டது. நம் பாட்டிமார் காலத்தில் ஒன்றிரண்டு வயதுக் குழந்தைகளைக் கொத்தாகக் கொண்டுபோன கல்லீரல் சுருக்க நோயை எடுத்துக்கொள்ளுங்கள். குலதோஷம் என்றும் மாந்தம் என்றும் சொல்லி எத்தனையோ வீடுகள் அழுதிருக்கின்றன. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலிலிருந்து இறங்கிய செம்பு அதற்குக் காரணமாகலாம் என்று 1983இல் புனே ஆய்வாளர்களும் பிரிட்டிஷ் மருத்துவர்களும் காட்டினார்கள். பித்தளை போய் எவர்சில்வர் வந்த வீடுகளிலிருந்து அந்த நோயும் கிட்டத்தட்டப் போய்விட்டது. மருந்தால் போகவில்லை, பாத்திரக் கடையால் போனது. ஒரே குடும்பத்தில் பலருக்கு வந்தால் பரம்பரை என்று சொல்லிவிடுவது எளிது. ஒரே குடும்பம் என்றால் ஒரே சட்டி என்பதும் உண்மைதானே.

சிறுதானியத்தை விற்கும் நண்பர்களுக்கு இந்தக் கட்டுரை கசக்கும். 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடி இப்போதுதான் சாமைக்கு நகரத்தில் மரியாதை வந்திருக்கிறது, அதற்குள் நஞ்சு என்று பயமுறுத்தலாமா என்று கேட்பார்கள். குற்றம் சாமையின் மேல் இல்லை. கோதுமையில் வந்தது, ரொட்டியில் வந்தது, கஷாயத்தில் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் மூலிகைத் தேநீரில் தொடங்கிச் சீரகம் வரைக்கும் இந்த ஆல்கலாய்டுகளுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது, அதற்காகச் சீரகத்தை யாரும் கைவிடவில்லை. கிலுகிலுப்பை இனத்தின் மேலும் பழி போட முடியாது. அதன் உறவான சணப்பைத்தான் நம் நெல் விவசாயிகள் பசுந்தாளுரமாக விதைக்கிறார்கள். பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிடுவதால் அது விதை வைப்பதே இல்லை, ஆகவே அரிசியோடு சேர்வதும் இல்லை. எல்லாம் எந்தக் கட்டத்தில், யார் கண்முன்னால் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. உரலையும் உலக்கையையும் திரும்பக் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. நாளெல்லாம் வேலை செய்துவிட்டு வந்து இரவில் சாமை குத்திய பெண்களின் தோள்பட்டைக்குத்தான் தெரியும் அந்தப் பழமையின் விலை. சுவாமிநாதன் நிறுவனம் மலையில் சாமை தீட்டும் ஆலைகளை வைத்தபோது பெண்கள் மகிழ்ந்ததில் வியப்பே இல்லை.

ஆலை வந்ததும் முறத்தின் வேலையில் பாதி இயந்திரத்துக்குப் போய்விட்டது. இயந்திரம் கல்லை எடையால் பிரிக்கும், பெரிதையும் சிறிதையும் சல்லடையால் பிரிக்கும். அளவிலும் எடையிலும் சாமைக்குப் பக்கத்தில் நிற்கும் விதையிடம் இந்த இரண்டும் தோற்கும். முன்பு ஒரு வீட்டின் காட்டில் கலந்த களைவிதை அந்த ஒரு வீட்டுச் சட்டியோடு நின்றது. இப்போது பல காடுகளின் சாமை ஒரே தொட்டியில் விழுந்து, பாக்கெட்டாகிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறது. இதில் நல்லதும் உண்டு: கலப்பு விரவி நீர்த்துப்போகும். கெட்டதும் உண்டு: எந்தக் காட்டிலிருந்து வந்தது என்ற தடயமும் அழிந்துவிடும். 2023 செப்டம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரவிதி, 15 வகைச் சிறுதானியங்களில் ஈரப்பதமும் அயற்பொருளும் எவ்வளவு இருக்கலாம் என்று வரையறுக்கிறது. அயற்பொருள் என்ற ஒரே கூடையில் வைக்கோல் துண்டும் விழலாம், கிலுகிலுப்பை விதையும் விழலாம். முன்னதால் ருசி கெடும், பின்னதால் கல்லீரல் கெடும். இரண்டையும் ஒரே சதவீதத்தில் அளப்பது போதாது.

செய்ய வேண்டியது பெரிய காரியமுமில்லை. மலைக்குக் கீழே இருக்கும் நாமக்கல் நாட்டுக்கே முட்டை அனுப்பும் ஊர். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் நச்சுப் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று கல்லீரல் அழிந்து செத்தபோதுதான் அஃப்ளாடாக்சின் என்ற ஒன்று உலகுக்குத் தெரியவந்தது. அந்தப் பாடத்தை நாமக்கல் பண்ணையாளர்கள் மறக்கவில்லை. மக்காச்சோள லாரி வந்து நின்றால் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பாமல் கோழிக்குப் போட யோசிப்பார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனத்தைப் பகுத்துப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது. மழை குறைந்த வருஷங்களில் மட்டுமாவது, மேலே ஆலைக்கு வரும் சாமையில் மூட்டைக்கு ஒரு பிடி எடுத்து, வெள்ளைத் தாளில் பரப்பி, அவரை வடிவ விதை தென்படுகிறதா என்று ஒருவர் பார்த்து, தென்பட்டால் அந்தப் பிடியைக் கீழே அப்படியொரு ஆய்வக மேசைக்கு அனுப்பலாம். ஆலையில் சலித்து ஒதுக்கிய குப்பை எங்கே போகிறது என்றும் அதே ஆள் கேட்டுவைப்பது நல்லது. வழக்கமாக அது போவது வீட்டுக் கோழிக்கு, இந்த நஞ்சு முட்டைக்குள்ளும் இறங்கும் என்பது சோதனைகளில் தெரிந்த விஷயம்.